சான்று கொடுத்தும் விக்கிப்பீடியாவில் என் பத்தியை நீக்கியது ஏன்?

வரலாற்று நூலொன்றின் பத்தியை நூற்பெயரும் பக்க எண்ணும் குறிப்பிட்டுச் சேர்த்தும் அது நீக்கப்பட்டதாகக் கேட்டிருக்கிறீர்கள். இங்கே இரண்டு தனித்தனி விதிகள் கலந்துவிடுகின்றன. சான்று, செய்தி எங்கிருந்து வந்தது என்று வாசகர் சரிபார்ப்பதற்காக; பதிப்புரிமையோ அச்செய்தியைச் சொன்ன சொற்களைப் பற்றியது. ஒரு போர் நடந்த ஆண்டு எவருக்கும் சொந்தமன்று, ஆனால் அதை விவரித்த வாக்கியங்கள் அவற்றை எழுதியவருக்கு உரியவை. விக்கிப்பீடியாவின் உரையை யாரும், வணிகத்துக்காகவும்கூட, மறுபயன்பாடு செய்யலாம் என்று கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் அனுமதிப்பதால், பிறருடைய உரையை அவ்வாறு வழங்க நமக்கு உரிமையில்லை.

சொல்லை மாற்றினால் மட்டும் போதாது. “தோற்ற மன்னன் இரவோடு இரவாகக் கோட்டையை விட்டு வெளியேறினான்” என்பதைத் “தோல்வியுற்ற அரசன் ஒரே இரவில் கோட்டையை நீங்கினான்” என்று எழுதி, பத்தி முழுவதும் அதே வரிசையில் சென்றால், அது நகல்தான். இரண்டு மூன்று நூல்களைப் படித்து, அவற்றை மூடிவைத்துவிட்டுச் சொந்த நடையில் எழுதி, பிறகு பக்க எண்களைச் சரிபார்ப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

பதிப்புரிமை பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கைப்படி ஆசிரியர் இறந்து குறைந்தது 50 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. இந்தியாவில் அது 60 ஆண்டுகள். பதிப்புரிமை காலாவதியான நூலைத் தாராளமாக எடுத்தாளலாம், ஆயினும் பிற்கால ஆய்வுகள் மறுத்த கருத்தை அதை வைத்து நிலைநாட்ட முடியாது. நீக்கியவருடன் உரையாடல் பக்கத்தில் பேசுங்கள். பத்தியை மீண்டும் மீண்டும் மீட்பது தடைக்கே வழிவகுக்கும்.