கோழிப் புழுவும் அம்மாவின் ஆபரேஷனும்

அன்புள்ள டாக்டர் ஐயா,

அம்மாவுக்கு 73 வயது. தாராபுரம் பக்கம் ஊரில் நாட்டுக்கோழி வளர்க்கிறார். தொடை இடுக்கில் சின்னக் கட்டி. ஸ்கேனில் ஃபெமொரல் ஹெர்னியா, அதாவது தொடை இடுக்கு வழியாகக் குடல் பிதுங்குவது, என்று வந்தது. ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிறார் சர்ஜன். அதே வாரம் கோழி எச்சத்தில் புழுக்கள் கிடந்தன, படம் இணைத்திருக்கிறேன். "கோழிப்பூச்சிதான் வயிற்றுக்குள் போய்விட்டது, பூச்சி மருந்து கொடுத்தால் சரியாகும், இந்த வயதில் கத்தி வேண்டாம்" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். அம்மா முட்டையையும் நிறுத்திவிட்டார். என்ன செய்ய?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்ட வாசகி)

அன்புள்ள சகோதரிக்கு,

ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

படத்தில் சேமியா மாதிரி வெளுத்து, விரல் நீளத்தில் கிடப்பது கோழிகளுக்கு வரும் அஸ்காரிடியா என்ற உருண்டைப்புழுவாகத்தான் தெரிகிறது. அது மனிதக் குடலில் வளராது. நம் வயிற்றில் வளரும் உருண்டைப்புழு வேறு இனம். எந்தக் குடற்புழுவும் தொடை இடுக்கில் ஹெர்னியாவை உண்டாக்காது. எந்தப் பூச்சி மருந்தும் அதை உள்ளே தள்ளாது.

ஃபெமொரல் ஹெர்னியா வயதான பெண்களிடம் அதிகம் வருவது. குடல் பிதுங்கும் வழி மிகக் குறுகல், ஓரங்களும் இறுக்கமானவை. மாட்டிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்று சில மணி நேரத்திலேயே குடல் அழுகத் தொடங்கலாம். வலியில்லாவிட்டாலும் சீக்கிரம் செய்துவிடச் சொல்வது அதனால்தான். இன்று நாள் குறித்து, சுகர், இதயம் எல்லாம் பார்த்துச் செய்வதும், நள்ளிரவில் வாந்தியோடு தூக்கிக்கொண்டு ஓடிச் செய்வதும் ஒன்றல்ல. இரண்டாவதில் உயிர் ஆபத்து பல மடங்கு. அதோடு, வயதானவர்களுக்கு வயிற்றுக்குள் பெரிய கோளாறு இருந்தாலும் காய்ச்சல் வராமலே போகலாம், வலியும் லேசாக இருக்கலாம். கட்டி உள்ளே போகாமல் கெட்டிப்பட்டாலோ, வாந்தி எடுத்தாலோ, வயிறு உப்பிக் காற்றுப் பிரியாமல் இருந்தாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

முட்டையை நிறுத்தியதுதான் எனக்கு வருத்தம். ஆபரேஷனுக்கு முன் அம்மாவுக்குப் புரதம் வேண்டும், தினமும் கொஞ்சம் நடையும் வேண்டும். நன்றாக வேகவைத்த முட்டை தாராளமாகக் கொடுங்கள். கோழிகளுக்குக் குடற்புழு மருந்து கொடுத்தபின் மட்டும், கால்நடை மருத்துவர் சொல்லும் நாள்வரை அந்த முட்டைகளை ஒதுக்கிவிடுங்கள், கடையில் வாங்கிக்கொள்ளலாம். மருந்து மட்டும் போதாது. எச்சத்தோடு விழும் புழு முட்டை ஈர மண்ணில் இரண்டு மூன்று வாரத்தில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். கோழி அதையே கொத்தித் தின்னும். அதனால் எச்சத்தை அடிக்கடி அள்ளி, கோழி அடைக்கும் கொடாப்பை வெயில் படும் காய்ந்த இடத்துக்கு மாற்றுங்கள். ஆனால் அந்த வேலையை இனி நீங்களோ வீட்டில் வேறு யாரோ செய்யுங்கள். எச்சத்தில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம், சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஆபரேஷன் முடிந்து சர்ஜன் சரி என்று சொல்லும்வரை அம்மா குனிந்து கூட்டவோ, தண்ணீர்க் குடம் தூக்கவோ கூடாது.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா? இதையும் சுகர் மாத்திரைகளின் பெயர்களையும் மயக்க மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

இன்னொன்று, இதைப் பலரும் சொல்வதில்லை. ஆபரேஷன் முடிந்த ஓரிரு இரவுகளில் அம்மா இடம் தெரியாமல் பேசலாம், உங்களையே யாரென்று கேட்கலாம். பயந்துவிடாதீர்கள், அதட்டாதீர்கள், நர்ஸிடம் உடனே சொல்லுங்கள். பெரும்பாலும் சில நாளில் தெளிந்துவிடும். கண்ணாடியும் காது மெஷினும் இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். ராத்திரி பழகிய முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.