மலிவான தேயிலையைக் கடலில் கொட்டியது ஏன்?

வணக்கம். 1773ஆம் ஆண்டின் தேயிலைச் சட்டம் விலையைக் குறைத்தது என்றால், அன்று பிரிட்டனின் அமெரிக்கக் குடியேற்றப் பகுதியில் இருந்த பாஸ்டன் துறைமுக நகர மக்கள் ஏன் கொதித்தெழுந்தார்கள் என்பது விளங்காமல், உங்கள் மகளின் கட்டுரை பாதியில் நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். அச்சட்டம் புதிய வரி எதையும் விதிக்கவில்லை என்பதிலிருந்து தொடங்கினால் குழப்பம் தீரும்.

குடியேற்றங்களுக்கு இறக்குமதியாகும் பொருள்கள்மீது 1767இல் பிரிட்டனின் டவுன்செண்ட் சட்டங்கள் விதித்த வரிகளில் பெரும்பாலானவை 1770இல் நீக்கப்பட்டபோதும், பவுண்டு எடைக்கு 3 பென்ஸ் என்ற தேயிலை வரியை மட்டும் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த வருவாயிலிருந்து ஆளுநருக்கும் நீதிபதிகளுக்கும் ஊதியம் வழங்கப்பட்டால், அவர்கள் உள்ளூர்ச் சட்டமன்றத்தின் தயவை நாட வேண்டியதில்லை. சிக்கலின் மையம் இதுவே என்பது என் கருத்து. மலிவு கருதி அத்தேயிலையை வாங்குவோர், தாங்கள் பிரதிநிதி அனுப்பாத நாடாளுமன்றத்தின் வரிவிதிப்பு உரிமையை ஒப்புக்கொண்டவர்களாகிவிடுவார்கள் என்று எதிர்ப்பாளர்கள் அஞ்சினார்கள்.

வணிகர்களின் தன்னலமும் இதில் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. தேயிலைச் சட்டத்தால் கிழக்கிந்தியக் கம்பெனி தன் முகவர்கள் வழியே அங்கு நேரடியாக விற்கலாம் என்றானதும், இறக்குமதியாளர்களின் பிழைப்பும் டச்சுத் தேயிலையைக் கடத்தி விற்றவர்களின் பிழைப்பும் ஆட்டம் கண்டது. பாஸ்டன் முகவர்களில் ஆளுநர் ஹட்சின்சனின் மகன்களும் இருந்தது எரிச்சலைக் கூட்டியது. (அது சீனத் தேயிலை, இந்தியத் தேயிலை என்று எழுதிவிட வேண்டாம்.)

மற்றொரு குடியேற்ற நகரான பிலடெல்பியாவுக்குத் தேயிலையுடன் வந்த கப்பல் சரக்குடன் திரும்பிச் சென்றது. பாஸ்டனிலோ வரி செலுத்தாமல் கப்பல்கள் வெளியேற ஹட்சின்சன் இசையாததால், 1773 டிசம்பர் 16 இரவு 342 பெட்டிகள் துறைமுக நீரில் கொட்டப்பட்டன.