ஓலாபரிப்புடன் பெவாசிசுமாப் எதற்கு?

சினைப்பைப் புற்றுநோய்க்கு ஓலாபரிப் என்ற மருந்து மட்டும் போதாதா, பெவாசிசுமாப் என்ற மருந்தையும் ஏன் சேர்க்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

டி.என்.ஏ.வின் இரண்டு இழையும் அறுந்தால் சரியாக ஒட்ட பி.ஆர்.சி.ஏ. மரபணுக்கள் வேண்டும். அவை பழுதான புற்றணு, சின்ன விரிசல்களை பார்ப் என்ற நொதியை வைத்துச் சமாளிக்கிறது. ஓலாபரிப் அந்த நொதியை டி.என்.ஏ. மேலேயே சிக்கவைத்துவிடும். செல் பிரிவதற்காக டி.என்.ஏ.வைப் படியெடுக்கும்போது அந்தப் படியெடுப்பு அங்கே இடித்து இழை அறுந்தால், ஒட்ட ஆளில்லை, செல் சாகிறது. நல்ல செல்லுக்கு மாற்று வழி உண்டு, ஆனாலும் ரத்தசோகை பலருக்கு வரும்.

பெவாசிசுமாப் கட்டிக்குப் புது ரத்தக்குழாய் முளைப்பதைத் தடுக்கிறது. அதனால் கட்டியில் ஆக்ஸிஜன் குறைந்தால் டி.என்.ஏ. பழுதுபார்ப்பு இன்னும் தளரும் என்பது கணக்கு. பாவோலா-1 ஆய்வில், பழுதுபார்ப்புக் குறையுள்ள கட்டிகளில் நோய் முற்றாமல் இருந்த காலத்தின் இடைநிலை அளவு (மீடியன்) பெவாசிசுமாப் மட்டும் பெற்றவர்களுக்கு 17.7 மாதம், இரண்டும் பெற்றவர்களுக்கு 37.2. குறையில்லாத கட்டிகளில் பலன் தெரியவில்லை. அதனால்தான் கட்டியைப் பரிசோதிக்கச் சொல்கிறார்கள். ஆனால் ஓலாபரிப் மட்டும் பெற்ற குழு அந்த ஆய்வில் இல்லை. உங்கள் கேள்விக்கு நேரடி விடை அதில் கிடைக்காது.