கூகை வந்தால் எலி குறையும்: கேள்வி பதில்

வலங்கைமானிலிருந்து: ஐயா, சம்பா தூர் கட்டி நிற்கிறது. நடுவயலில் எலி வெட்டு தெரிகிறது. ஆந்தை உட்கார மட்டை நடச் சொல்கிறார்கள். எப்படி நடுவது?

இன்றே நடுங்கள் தம்பி. கதிர் தண்டுக்குள்ளேயே இருக்கும் பொதிப் பருவம் வரை விட்டால் பிந்திவிடும். பயிர் கதிர் வாங்கும் நேரத்தில்தான் எலியும் குட்டி போட்டுப் பெருகும். காய்ந்த தென்னை மட்டையில் ஓலையைக் கழித்துவிட்டு, அகலமான அடிப்பக்கம் மேலே இருக்கும்படி தலைகீழாக ஊன்றுங்கள். பயிருக்கு மேல் நாலைந்து அடி நிற்கட்டும். ஆடக் கூடாது, ஆடினால் ஆந்தை உட்காராது. வளை அதிகமுள்ள வரப்பை ஒட்டி முதலில் நடுங்கள். காலையில் மட்டையில் சுண்ணாம்பு வழிந்த மாதிரி எச்சம் இருந்தால் இரவில் ஏதோ பறவை வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஒரத்தநாட்டிலிருந்து: எலியைத்தான் தின்கிறது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

அது கக்கியதைப் பிரித்துப் பார்த்துத்தான். கூகை என்கிற ஆந்தை வகை எலியை முழுசாக விழுங்கும். முடியும் எலும்பும் செரிக்காது, உருண்டையாகக் கக்கிவிடும். எங்கள் ஊர்க் கோயில் பழைய மண்டபத்தில் ஒன்றை எடுத்து வந்து கிண்ணத்துத் தண்ணீரில் ஊறப்போட்டேன். கட்டைவிரல் நீளம்தான். சாம்பல் நிற முடி பிரியப் பிரிய, மஞ்சள் முன்பல்லோடு மூன்று எலி மண்டை வந்தது. அன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் கிண்ணத்தைச் சுற்றி நின்றுவிட்டார்கள், நகரவே இல்லை. நெல் மணி ஒன்றுகூட அதில் இல்லை.

பாபநாசத்திலிருந்து: மட்டையும் நட்டு, எலி மருந்தும் வைக்கலாமா?

வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். புரோமாடியோலோன் என்ற எலி மருந்தைத் தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும். அப்படித் திரிகிற எலிதான் கூகைக்கு முதலில் சிக்கும். அந்த விஷம் அதன் வயிற்றுக்கும் போகும், குஞ்சின் வாய்க்கும் போகும். மருந்துக்குப் பதில் தஞ்சாவூர் கிட்டி என்ற எலிப்பொறியை வையுங்கள். வரப்பைச் சிறுத்துக் கட்டுங்கள். பருத்த வரப்புதான் எலிக்கு வசதியான வீடு. கோடையில் வளை வெட்டிப் பிடிப்பதையும் விட்டுவிடாதீர்கள்.

சீர்காழியிலிருந்து: அப்படிச் செய்தால் எலி அடியோடு ஒழியுமா?

ஒழியாது, குறையும். ஆந்தை மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் குஞ்சு வளர்க்கும் சோடி கிடைத்துவிட்டால் வேலை வேகமாக நடக்கும். நாலு முதல் ஏழு முட்டை வரை இடும். குஞ்சு பறக்க ஏறக்குறைய இரண்டு மாதம். அத்தனை வாய்க்கும் ராத்திரி முழுக்க இரை தேடியாக வேண்டும். அதனால் மட்டையைவிடக் கூடு முக்கியம். பட்டுப்போன பனையை வெட்டாதீர்கள். கோபுரத்தில் திருப்பணி நடக்கும்போது பொந்தை அடைக்கும் முன் உள்ளே குஞ்சு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இதை ஒவ்வொரு ஊரிலும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து: அம்மா அதைச் சாக்குருவி என்கிறார். கூரையில் அலறினால் விரட்டச் சொல்கிறார்.

அம்மாவிடம் சண்டை வேண்டாம் தங்கச்சி. அது இணையைக் கூப்பிடும் சத்தம், இல்லாவிட்டால் தன் இடத்தைக் காக்கும் சத்தம். பொந்துக்குள் பாம்பு சீறுவது போலக் கேட்டால் பெரும்பாலும் குஞ்சு இரை கேட்கிறது. மேலே சொன்ன உருண்டை ஒன்றை அம்மா முன்னால் பிரித்துக் காட்டுங்கள். விவசாய வீட்டுப் பெண்மணிக்கு எலி மண்டையைப் பார்த்ததும் புரிந்துவிடும். ஆந்தையைப் பிடிப்பதும் கொல்வதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் மெதுவாகச் சொல்லி வையுங்கள்.

மன்னார்குடியிலிருந்து: குஞ்சு ஒன்று கீழே விழுந்து கிடக்கிறது. என்ன செய்ய?

காயம் இல்லையென்றால் துணியால் பொத்தி எடுத்து அதே பொந்தில் வைத்துவிடுங்கள். மனிதர் கை பட்டதால் தாய் ஒதுக்காது. தரையில் விட்டுவைத்தால்தான் இரை கிடைக்காமல் போகும், நாய் வேறு இருக்கிறது. ஏணி பிடிக்க ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு, இருட்டுவதற்குள் வைத்துவிடுங்கள்.