மதுரையில் இருந்துகொண்டு நீர்ப்பறவைப் புகைப்படக்காரராகவும், படமெடுக்க வருபவர்களுக்கு வழிகாட்டியாகவும் பிழைக்க முடியுமா?

முடியும். ஆனால் வருஷத்தில் 6 மாதம்தான். 11 வருஷமாக இந்த வேலை செய்கிறேன். கண்மாய் வற்றிவிட்டால் கல்யாண வீடுகளுக்குக் கேமரா தூக்கிப் போகிறேன். வீட்டு வாடகையும் பிள்ளைகள் படிப்பும் பெரும்பாலும் கல்யாண ஆல்பத்தில்தான் ஓடுகின்றன. வேலையை விட்டுவிட்டு தூரத்துப் பறவையைக் கிட்டே இழுத்துக் காட்டும் 150-600 லென்ஸ் வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். லென்ஸ் வாங்குங்கள், வேலையை இப்போதைக்கு விடாதீர்கள்.

அதற்கும் முன்னால் கண்மாயைப் படிக்க வேண்டும். நம் பக்கத்தில் நிலம் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிகிறது. அதனால் பெரும்பாலான கண்மாய்களில் கரை கிழக்கே இருக்கும், தண்ணீர் அதற்கு மேற்கே நிற்கும். காலையில் கரைமேல் நின்றால் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால், வெளிச்சம் பறவையின் முகத்தில். அதே கரையில் சாயங்காலம் நின்றால் எல்லாம் கறுப்பு நிழலாகத்தான் விழும். நான் 6 மணிக்குக் கரையில் இருப்பேன். எட்டரை தாண்டினால் தண்ணீர்மேல் கானல் ஓடத் தொடங்கிவிடும், தூரத்துப் பறவையின் கண் எந்த லென்ஸிலும் கூர்மையாக வராது.

வெள்ளைக் கொக்கு கறுத்த தண்ணீரில் நிற்கும்போது கேமராவின் கணக்கு தப்பும், இறகெல்லாம் சுண்ணாம்பு அடித்தது போல் வெளுத்துவிடும். கேமரா எடுத்துக்கொள்ளும் வெளிச்சத்தை முக்கால் ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்து வையுங்கள். பறக்கும் கூழைக்கடாவுக்கு ஷட்டர் வேகம் 1/1600 நொடி போதும், விருட்டென்று திரும்பும் ஆலாவுக்கு 1/2500 நொடியைவிட வேகமாக வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் பெருகிக் கிடப்பதைப் பார்க்கவே மனசு நிறையும். படத்துக்கு அது தோதான சமயம் இல்லை. ஆழத் தண்ணீரில் நாமக்கோழியும் முக்குளிப்பானும் நீர்க்காகமும்தான் தெரியும். மடை திறந்து வயலுக்குப் பாய்ந்து, மாசி வாக்கில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு இறங்கும்போது மீன்கள் நெருங்கிக் கிடக்கும். அப்போதுதான் மஞ்சள்மூக்கு நாரையும் கரண்டிவாயனும் அரிவாள் மூக்கனும் ஒரே சேற்றில் நிற்கும். மஞ்சள்மூக்கு நாரை இரை தேடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு, காலால் சேற்றைக் கலக்கும். திடீரென்று ஒரு பக்கச் சிறகை மட்டும் விரித்து மீனை விரட்டும். அலகில் மீன் பட்டதும் பட்டென்று மூடும். அந்தச் சிறகு விரியும்போது முதுகோரத்து ரோஸ் நிற இறகுகள் வெயிலில் தெரியும். எத்தனை வருஷம் எடுத்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை. கோடையில் ஊர்க்காரர்கள் ஊத்தா, கச்சா என்று மீன்பிடிக் கூடையும் வலையுமாக இறங்கி மீன்பிடித் திருவிழா நடத்திவிட்டால் அந்த வருஷத்துக்கு அவ்வளவுதான்.

ஒரு காலைக்கு ஆளுக்கு 2,000 ரூபாய் வாங்குகிறேன், 4 பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. சீசனில் மாதம் ஆறேழு நாள் அமைந்தால் பெரிது. வண்டிச் செலவு போகப் பாதிதான் கையில் நிற்கும். அந்தப் பணமும் எனக்குப் பறவையைக் காட்டுவதற்காகக் கிடைப்பதாக நான் நினைப்பதில்லை. "போதும் சார், இதுக்கு மேல போக வேண்டாம்" என்று சொல்வதற்காகத்தான்.

அதைச் சொல்லத் தெரியாமல் ஒரு முறை பெரிய தப்பு செய்தேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு தை மாதம், சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாய். உள்ளே நிற்கும் கருவேல மரங்களில் கொக்கும், வக்கா என்கிற இராக்கொக்கும் கூடு கட்டியிருந்தன. வந்தவர்கள் குஞ்சுக்கு இரை ஊட்டும் படம் வேண்டும் என்றார்கள். நானே தண்ணீரில் முன்னால் இறங்கிக் கூட்டிப்போனேன். மரத்தை நெருங்கியதும் தாய்ப்பறவைகள் மொத்தமாக எழுந்துவிட்டன. நாங்கள் படமெடுத்த பத்து நிமிஷத்தில் காகங்கள் வந்து இரண்டு கூடுகளில் முட்டையைத் தூக்கின. ஒரு குஞ்சு மிரண்டு தண்ணீரில் விழுந்தது. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அப்பத்தா ஒருவர், "ஏப்பா, குஞ்சும் குளுவானுமா இருக்கையில இப்படியா எறங்குவீக?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

அன்றிலிருந்து கூடு இருக்கும் மரத்தடிக்கு யாரையும் கூட்டிப்போவதில்லை. செல்போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் கிடையாது. இதற்காகவே முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். பறவை மேய்வதை நிறுத்திக் கழுத்தை நீட்டிப் பார்த்தால், அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். அது எச்சம் போட்டால் பெரும்பாலும் அடுத்து எழும்பப் போகிறது என்று அர்த்தம். நாம் ஏற்கெனவே அளவுக்கு மீறி நெருங்கிவிட்டோம்.

புதிதாக வருபவர்களை முதலில் சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் அருகே உள்ள வேட்டங்குடிக்குத்தான் அழைத்துப் போவேன். 1977இலிருந்து பறவைகள் சரணாலயம். அங்கே கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. பிள்ளைகள்கூட ஆசையை அடக்கிக்கொள்கிற ஊர் அது. இதைக் கேட்டபிறகு கரையில் நின்று சத்தமாகப் பேசியவர்களை நான் பார்த்ததில்லை. வேறு கண்மாய்களில் மீன் குத்தகை எடுத்தவர்கள் கூழைக்கடாவை விரட்ட வெடி போடுவதும் உண்டு. மீன்குஞ்சு வாங்கி விட்ட கடன் அவர்களுக்கு இருக்கிறது, அவர்களை நான் பகையாகப் பார்ப்பதில்லை. முதலில் அவர்களிடம் போய்ப் பேசிவிட்டுத்தான் கரை ஏறுவேன். சரணாலயம் என்றால் வனத்துறை அனுமதி கட்டாயம்.

உங்களுக்கு என் யோசனை இதுதான். மதுரையை ஒட்டியே இருக்கிற சாமநத்தம் கண்மாய்க்குக் கேமரா இல்லாமல் பத்து நாள் காலையில் போங்கள். எந்தப் பறவை எங்கே இறங்குகிறது, எத்தனை மணிக்கு, ஆள் எவ்வளவு தூரம் வந்தால் எழும்புகிறது என்று நோட்டில் எழுதுங்கள். பொங்கல் சமயத்தில் பறவை ஆர்வலர்கள் நடத்தும் கணக்கெடுப்பிலும் சேருங்கள். அந்த நோட்டோடு வாருங்கள், எந்த லென்ஸ் என்று அப்போது பேசுவோம்.