வாசகர் கேட்கிறார்: சாயம் போன கிட்டார்

கேள்வி: அயர்லாந்தின் புளூஸ் ராக் கலைஞர் ரோரி கல்லகரின் கிட்டாரைப் படத்தில் பார்த்தேன், சாயம் உரிந்து வெறும் மரமாகத் தெரிகிறது. கடற்காற்று பட்டுத்தான் அப்படி ஆனது என்கிறார் எங்கள் ஆலயப் பாடகர் குழுவிலுள்ள நண்பர். உண்மையா? எங்கள் ஊரிலும் புதுத் தந்திகள் விரைவிலேயே துருப்பிடித்துவிடுகின்றன.
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: உப்புதான் காரணம், ஆனால் கடலின் உப்பு அன்று, வாசித்தவருடைய வியர்வையின் உப்பு. அது 1961-இல் தயாரான ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் என்னும் மின்கிட்டார். சிவப்பு நிறம் கேட்டு வரவழைத்த ஒருவருக்கு வேறு நிறத்தில் வந்து சேர்ந்ததால் அவர் அதைக் கைவிட்டார். 1963-இல் அயர்லாந்தின் கார்க் நகரத்துக் கடையொன்றில் 100 பவுண்டு விலைக்குத் தவணையில் அதை வாங்கியபோது கல்லகருக்கு வயது 15. மேடையில் கல்லகரின் வாசிப்பு உடல் முழுவதும் நனையும் உழைப்பாக இருந்தமையால், ஆண்டுக்கணக்கில் கையும் வியர்வையும் பட்ட இடமெல்லாம் மெருகு கரைந்தது. அவரும் அதற்குப் புதுச் சாயம் பூசவில்லை. 1966-இல் 'டேஸ்ட்' என்ற மூவர் குழுவைத் தொடங்கி, 1970-இல் இங்கிலாந்தின் வைட் தீவு இசைவிழாவில் வாசித்து, அக்குழு கலைந்த பின் 1971 முதல் தம் பெயரிலேயே இசைத்தட்டுகள் வெளியிட்டார். கலவரத்துக்கு அஞ்சிப் பலர் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரை ஒதுக்கிய காலத்தில், 1974-இல் அங்கே சென்று வாசித்தது அவருடைய குணத்தைக் காட்டும். 1995-இல் 47 வயதில் மறைந்தார்.

உங்கள் தந்திகளைப் பொறுத்தவரை, வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொன்றையும் அடிப்பக்கமும் சேர்த்துத் துடைத்து, கிட்டாரைப் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். கச்சான் வீசினாலும் வாடை வீசினாலும் திறந்த சன்னலருகே அதைச் சாய்த்து வைப்பது கூடாது.

கேள்வி: ரோரி கல்லகர் விரலில் குழாய் மாட்டி வாசிப்பது நம் கோட்டுவாத்தியம் போன்றதுதானே?
– வாசகர், கீழக்கரை

பதில்: உறவு உண்டு, ஒன்றல்ல. இரண்டிலும் தந்தியை அழுத்தாமல் வழுக்கிச் செல்வதே அடிப்படை. கோட்டுவாத்தியத்தில் மெட்டுகள் (சுர இடங்களைக் காட்டத் தண்டில் பதிக்கும் குறுக்குக் கம்பிகள்) கிடையா. தந்திமேல் வழுக்கும் கட்டை எங்கே நிற்க வேண்டும் என்பதை இராகம் தீர்மானிக்கிறது. கிட்டாரில் மெட்டுகள் இருந்தாலும் குழாய் அவற்றுக்கு மேலே மிதந்தே செல்கிறது. நம் காதுக்குச் சாதாரண காந்தாரம், அந்தர காந்தாரம் என்னும் இரு 'க' சுரங்களுக்கு இடையே எங்கோ நிற்பதுபோல் கேட்கும் ஒரு சுரமே புளூஸின் உயிர். குழாய் அந்த இடைவெளியைத் தயக்கமின்றித் தொட உதவுகிறது.

எனினும் கல்லகரின் தனித்தன்மை குழாயில் மட்டும் இல்லை என்பது என் எண்ணம். மூவர் குழுவில் சுருதிக்கட்டுகளையும் (பல சுரங்கள் சேர்ந்தொலிக்கும் 'கார்டு'கள்) தனி வாசிப்பையும் ஒருவரே தாங்க வேண்டியிருந்ததால், கிட்டாரிலுள்ள ஒலிக்குமிழை வாசிக்கும்போதே திருகி, அதே ஒலிபெருக்கியில் மென்மையையும் சீற்றத்தையும் மாறி மாறி வரவழைத்தார். அவர் தொடக்கத்தில் பயன்படுத்திய வாக்ஸ் ஏசி30 ஒலிபெருக்கி இதற்கு மிகவும் இசைந்தது. குமிழைக் குறைத்தால் தெளிவு, கூட்டினால் கரகரப்பு. தங்கச்சிமடத்து நண்பரிடம் மின்கிட்டார் இருந்தால், சரணத்தில் குமிழைப் பாதியில் வைத்து, பாடகர் குழு முழுவதும் பல்லவிக்குத் திரும்பும்போது சுண்டுவிரலால் மெல்லக் கூட்டிப் பார்க்கலாம்.