கலிஃபோர்னியாவின் 60 லட்சம் ஓட்டு எங்கே போனது?

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: அமெரிக்காவில் 50 மாநிலங்கள் இருந்தும், அதிபர் தேர்தல் வந்தால் பென்சில்வேனியா, மிச்சிகன் என்று ஏழு பெயர்களையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். மற்ற மாநிலத்துக்காரர்கள் ஓட்டுப் போடுவதில்லையா?

பதில்: போடுகிறார்கள். ஆனால் அவர்கள் ஓட்டு மாநில எல்லையைத் தாண்டுவதில்லை.

அதிபரை முறைப்படி தேர்ந்தெடுப்பவர்கள் மக்கள் அல்ல, மாநிலங்களின் சார்பில் ஓட்டுப் போடும் தேர்வாளர்கள். ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை தேர்வாளர்கள் என்று கணக்கு உண்டு. நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் அந்த மாநிலத்துக்கு உள்ள இடங்கள், அத்துடன் மேலவையான செனட்டின் 2 இடங்கள். தலைநகர் வாஷிங்டனுக்கு 3. மொத்தம் 538, 270 வந்தால் அதிபர். இதுவரை சிக்கல் இல்லை. 48 மாநிலங்களிலும் தலைநகரிலும், ஒரே ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கியவருக்கே அத்தனை தேர்வாளர்களும் என்று விதி வைத்திருக்கிறார்களே, அங்கேதான் எல்லாம் கோணலாகிறது.

2020-இல் குடியரசுக் கட்சியின் டிரம்புக்கு டெக்சாஸில் கிடைத்தது சுமார் 59 லட்சம் ஓட்டு. கலிஃபோர்னியாவிலோ 60 லட்சம். அவருடைய கோட்டையைவிட எதிராளியின் கோட்டையில் அதிகம்! டெக்சாஸ் அவருக்கு 38 தேர்வாளர்களைக் கொடுத்தது. கலிஃபோர்னியாவின் 55-உம் ஜனநாயகக் கட்சியின் பைடனுக்குப் போனது. அந்த 60 லட்சம் பேர் போட்டதற்குக் கிடைத்தது பூஜ்யம். டெக்சாஸில் பைடனுக்குப் போட்ட 52 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கதியும் அதேதான். முடிவு முன்கூட்டியே தெரிந்த மாநிலத்தில் வேட்பாளர் ஏன் மெனக்கெடப் போகிறார்? இந்தப் பக்கமும் சாயலாம், அந்தப் பக்கமும் சாயலாம் என்றிருக்கும் ஊசலாட்ட மாநிலங்களில் போய் உட்கார்ந்துகொள்கிறார். 2024-இல் அப்படி இருந்தவை பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின், ஜார்ஜியா, வட கரோலினா, அரிசோனா, நெவாடா. ஏழுக்கும் சேர்த்து 93 தேர்வாளர்கள். ஏழையும் டிரம்பே அள்ளினார்.

கேள்வி: சில ஆயிரம் ஓட்டுதான் அதிபரை முடிவு செய்கிறது என்பது கொஞ்சம் மிகை இல்லையா?

பதில்: துளியும் இல்லை. 2000-இல் நாடு முழுக்க ஜார்ஜ் புஷ்ஷைவிட 5 லட்சத்துக்கும் அதிகமான ஓட்டு வாங்கியவர் அல் கோர். ஆனால் 25 தேர்வாளர்களைக் கொண்ட ஃப்ளோரிடாவில் 537 ஓட்டில் தோற்றார், ஆட்சியும் போயிற்று. அந்த மறு எண்ணிக்கையை என்னால் மறக்க முடியாது. துளை போடும் ஓட்டு அட்டையில் துளை முழுசாக விழுந்ததா, துணுக்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று அதிகாரிகள் ஒவ்வோர் அட்டையாக வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். டிசம்பர் 12-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் எண்ணிக்கைக்கே முற்றுப்புள்ளி வைத்தது.

2016-இல் ஹிலரி கிளிண்டன் டிரம்பைவிட நாடு முழுக்க 28 லட்சத்துக்கும் மேல் முன்னிலை. மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றிலும் சேர்த்துச் சுமார் 78 ஆயிரத்தில் தோற்றார், அவ்வளவுதான். 2020-இல் பைடன் நாடு முழுக்க 70 லட்சம் கூடுதலாக வாங்கினாரே, அவராவது நிம்மதியாக ஜெயித்தார் என்று நினைக்கிறீர்களா? அரிசோனா, ஜார்ஜியா, விஸ்கான்சின் மூன்றிலும் அவருடைய வித்தியாசத்தைக் கூட்டினால் 43 ஆயிரத்தைத் தொடாது. அந்த மூன்றும் கைநழுவியிருந்தால் 269-க்கு 269. அப்புறம் பிரதிநிதிகள் சபை, மாநிலத்துக்கு ஓர் ஓட்டு என்ற கணக்கில் அதிபரைத் தேர்ந்தெடுத்திருக்கும்.

இது கோர், ஹிலரி இருவரின் ஜனநாயகக் கட்சிக்கு மட்டும் விழும் அடி என்றும் நினைக்க வேண்டாம். 2004-இல் ஒஹையோவில் சுமார் 1.2 லட்சம் ஓட்டு வித்தியாசம் மட்டும் மாறியிருந்தால், நாடு முழுக்கப் புஷ்ஷைவிட 30 லட்சம் பின்தங்கிய அதே கட்சியின் ஜான் கெர்ரி அதிபராகியிருப்பார். அதுவும் இதே அநியாயம்தான்.

கேள்வி: வாக்குறுதிகளும் அந்த மாநிலங்களுக்காகவே தயாராகின்றனவா?

பதில்: பெரும்பாலும். நெவாடாவில் ஹோட்டல், சூதாட்ட விடுதிகளில் டிப்ஸை நம்பிப் பிழைப்பவர்கள் ஏராளம். 2024 ஜூனில் டிரம்ப் லாஸ் வேகாஸுக்குப் போய், டிப்ஸுக்கு வரி கிடையாது என்றார். ஆகஸ்டில் அவரை எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சியின் கமலா ஹாரிஸ் அதே ஊருக்குப் போய் அதையே சொன்னார். அப்புறம் பென்சில்வேனியா. பாறையைப் பிளந்து எரிவாயு எடுக்கும் தொழில் அங்கே பெரியது. 2019-இல் அதைத் தடை செய்ய வேண்டும் என்ற ஹாரிஸ், 2024-இல் தடை செய்ய மாட்டேன் என்றார். நெவாடாவின் பரிசாரகர் மீது எனக்கு வருத்தம் கிடையாது, அவர் கவலை நியாயமானது. ஆனால் அதே டிப்ஸை நம்பி கலிஃபோர்னியாவில் தட்டு ஏந்துகிறவரைத் தேடி எந்த வேட்பாளரும் போகவில்லையே, அதுதான் உறுத்துகிறது.

கேள்வி: இதை மாற்றவே முடியாதா?

பதில்: ஒருமுறை கிட்டத்தட்ட மாற்றிவிட்டார்கள். நேரடி வாக்கெடுப்புக்கான அரசியல் சட்டத் திருத்தம் 1969-இல் பிரதிநிதிகள் சபையில் 338-க்கு 70 என்று நிறைவேறியது. அடுத்த ஆண்டு செனட்டில் பேசிப் பேசியே முடக்கினார்கள். இப்போது வேறு வழியில் முயல்கிறார்கள்: நாடு முழுக்க அதிக ஓட்டு வாங்குபவருக்கே எங்கள் தேர்வாளர்கள் என்று சில மாநிலங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. சேர்ந்த மாநிலங்களின் தேர்வாளர் பலம் 200-ஐத் தாண்டிவிட்டது. 270-ஐத் தொட்டால்தான் ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும். மிச்ச மாநிலங்களைச் சேர்ப்பது கடினம் என்றாலும், எனக்கு நம்பிக்கை தருவது இந்த முயற்சிதான்.

மெய்ன், நெப்ராஸ்கா இரண்டும் தொகுதிவாரியாகப் பிரித்துக் கொடுக்கின்றன. குடியரசுக் கட்சியின் பிடியில் உள்ள நெப்ராஸ்காவில் ஒமாஹா நகரத் தொகுதி மட்டும் 2020-இலும் 2024-இலும் ஜனநாயகக் கட்சிக்குப் போனது. 2024 செப்டம்பரில் அந்த முறையை ஒழிக்க முயற்சி நடந்து தோற்றது. ஓர் இடத்துக்கு ஏன் இவ்வளவு பாடு? ஹாரிஸ் வாங்கிய 226-இல் ஒமாஹாவும் அடக்கம். பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சினின் 44-ஐயும் பிடித்திருந்தால் சரியாக 270. ஒமாஹா இல்லாவிட்டால் 269.

கேள்வி: இந்த ஏழும் எப்போதும் இப்படியே இருக்குமா? அடுத்த தேர்தல் இரவில் எதைப் பார்ப்பது?

பதில்: இருக்காது. ஃப்ளோரிடாவும் ஒஹையோவும் இன்று குடியரசுக் கட்சி பக்கம். கொலராடோ ஜனநாயகக் கட்சி பக்கம் போய்விட்டது. கலிஃபோர்னியாவே 1968 முதல் 1988 வரை எல்லா அதிபர் தேர்தலிலும் குடியரசுக் கட்சிக்கு ஓட்டுப் போட்ட மாநிலம்.

நான் பார்ப்பது பென்சில்வேனியாவின் எரி கவுண்டியை (நம் மாவட்டம் மாதிரி). 2016-இல் டிரம்ப், 2020-இல் பைடன், 2024-இல் மறுபடி டிரம்ப் என்று வென்றவர் பக்கமே நின்ற இடம். ஆனால் முதலில் வரும் முன்னிலையை நம்பிவிடாதீர்கள். அந்த மாநிலச் சட்டப்படி தபால் ஓட்டு உறைகளை வாக்குப்பதிவு நாள் காலை 7 மணிக்கு முன்னால் பிரிக்கக் கூடாது. 2020-இல் வாக்குப்பதிவு நாளான செவ்வாய் இரவு டிரம்ப் அங்கே பெரிய முன்னிலையில் இருந்தார். தபால் ஓட்டுகளை எண்ண எண்ண அது கரைந்து, சனிக்கிழமை பைடன் ஜெயித்ததாக அறிவித்தார்கள்.